கார் ஷெட்டில் தூண்டில் ராடு ஸ்டாண்டு: முதலில் நுனி போகும் வழியை அளக்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு, கடல் நடக்கும் தூரம். தனி கார் ஷெட், 16-க்கு 10 அடி, கான்கிரீட் சீலிங், உயரம் 8 அடி. 7 அடி ராடு ஆறு, கரையில் நின்று கடலுக்குள் வீசும் 10 அடி சர்ஃப் ராடு (இரண்டு துண்டாகப் பிரியும்) இரண்டு, பிரியாத 8 அடி ராடு ஒன்று. எல்லாம் மூலையில் சாத்திக் கிடக்கின்றன; ஒன்றின் நுனி கார் கதவில் மாட்டி முறிந்துவிட்டது. வீட்டிலேயே ஸ்டாண்டு செய்ய பிவிசி பைப் நல்லதா, பலகை நல்லதா? சுவரிலா, சீலிங்கிலா?

பைப்பா பலகையா என்பது இரண்டாவது கேள்வி. ஸ்டாண்டில் சும்மா நிற்கும் ராடு பெரும்பாலும் முறிவதில்லை. எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும்தான் முறிகிறது. கை ராடின் தடித்த அடிப்பகுதியை, அதாவது ‘பட்’டைப் பிடித்திருக்கும், கண் ஸ்டாண்டைப் பார்க்கும், நுனி ஏழு அடிக்கு அப்பால் டியூப் லைட்டையோ ஷட்டர் பெட்டியையோ இடிக்கும். கார்பன் ராடில் இதற்கு இன்னொரு தொல்லை உண்டு. இடித்த இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நார் நைந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு கொடுவா இழுக்கும்போது சரியாக அதே இடத்தில் ஒடியும். பழி ராடு கம்பெனி மேல் போகும். ஆகவே ஸ்டாண்டை வரையும் முன் நுனி எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள்.

16-க்கு 10 அடி என்பது 4.9-க்கு 3 மீட்டர். 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார் என்றே வைத்துக்கொண்டாலும் பக்கத்துக்கு 650 மிமீதான் மிஞ்சும். கதவைத் தாராளமாகத் திறந்தால் அதுவே போதாது. பக்கச் சுவர் வேண்டாம். ஷட்டர் இருக்கும் பக்கமும் கூடாது. மிச்சம் இருப்பது பானட்டுக்கு எதிரே உள்ள கடைசிச் சுவர். அங்கே 850 மிமீ இடம் கிடைக்கும். ஸ்டாண்டும் ரீலுமாகச் சுவரிலிருந்து 230 மிமீ முன்னே வரும். ஆள் பக்கவாட்டில் நிற்க மிச்சம் போதும். ஆனால் தரையில் வீல் ஸ்டாப்பர் ஒன்று கட்டாயம். இரண்டு செங்கல்லை சிமெண்ட் வைத்துப் பதித்தாலும் சரி. இல்லையென்றால் எல்லா ராடையும் ஒரே நாளில் பம்பர் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சுவரில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதை நகர்த்துங்கள், அல்லது ஸ்டாண்டைத் தள்ளிப் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து கிளம்பும் அமில ஆவி கைட் (ராடில் நரம்பு ஓடும் வளையம்) கால்களையும் ரீல் ஸ்க்ரூக்களையும் அரித்துத் தின்னும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதையும் மறக்காதீர்கள். மூடாத ஒயர் ஜாயிண்ட், ஹோல்டர் பக்கத்தில் அது வரவே கூடாது.

இனி உயரம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 8 அடி சீலிங் 2440 மிமீ. 7 அடி ராடு 2134 மிமீ. மழைக்காலத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் வரும், கார் கழுவும் தண்ணீரும் தெறிக்கும், அதனால் பட் தரையிலிருந்து 150 மிமீ மேலே நிற்க வேண்டும். ஆக நுனி 2284-இல் நிற்கும். மேலே 156 மிமீ மிச்சம். பட் உட்காரும் பைப் துண்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூக்கினால்தான் ராடு வெளியே வரும். இணையத்தில் பார்க்கிற படங்களில் ஒரு சாண் நீளப் பைப்பை வரிசையாக ஆணி அடித்து வைத்திருப்பார்கள். 200 மிமீ பைப் போட்டால் 2484 வரை தூக்க வேண்டும், சீலிங் இடிக்கும். 60 மிமீ போதும். 45 மிமீ உள்விட்டமுள்ள 60 மிமீ வளையத்தில் 30 மிமீ தடிமனான பட் கிட்டத்தட்ட 14 டிகிரி முன்னே சாயும். மேல் பிடியிலிருந்து முதலில் விடுவித்து, முன்னால் சாய்த்து, பிறகு தூக்கினால் சீலிங் பக்கம் போகவே வேண்டாம். ஆழமான பைப் பத்திரம் என்று தோன்றும். உண்மையில் நுனிக்கு எமன் அதுதான்.

இதே கணக்கில் ஏழரை அடி ராடு (2286 மிமீ) இந்த ஷெட்டில் நிற்காது என்பதும் தெரியும். உங்கள் 8 அடி ராடு படுக்கத்தான் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். 10 அடி சர்ஃப் ராடு பிரித்தால் துண்டுக்கு 5 அடி, தாராளமாக நிற்கும். ஆக நிற்பவை எட்டு இடம்.

இடைவெளியை ராடு தீர்மானிப்பதில்லை, ரீல் தீர்மானிக்கிறது. 4000 அளவு ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடி பக்கத்து ராடைத் தொடாமல் இருக்க, மையத்துக்கு மையம் 125 மிமீ வையுங்கள். 10000-க்கு மேற்பட்ட பெரிய ரீல் என்றால் 150. பெய்ட்காஸ்டர் (ராடின் மேல்பக்கம் உட்காரும் சின்ன உருளை ரீல்) மட்டும் என்றால் 90 போதும். எட்டு ராடுக்கு ஏழு இடைவெளி, 875 மிமீ. இரு ஓரத்திலும் 75 சேர்த்தால் பலகை நீளம் 1025 மிமீ.

பலகைக்கு 18 மிமீ மரைன் ப்ளை, அதாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. ஈரத்தை ஓரளவே தாங்கும் சாதாரண எம்ஆர் ப்ளை இந்த ஊர்க் காற்றில் ஓரம் ஊதி அடுக்கு பிரியும். முழு ஷீட் வாங்காதீர்கள். ப்ளைவுட் கடையில் வெட்டு மிச்சம் கிடக்கும், 4 அடிக்கு ஒன்றரை அடித் துண்டு கேட்டால் போதும். அதிலிருந்து 1025 மிமீ நீளத்தில் நான்கு பட்டை வெட்டச் சொல்லுங்கள்: மேல் பலகை 100 மிமீ அகலம், அதற்குப் பின்பட்டை 60, கீழ்ப் பலகை 125, அதற்குப் பின்பட்டை 150. மொத்தம் 435, ரம்பம் தின்பதற்கும் இடம் இருக்கிறது. கடை மிஷினில் வெட்டினால் ஓரம் நேராக வரும், வீட்டில் கை ரம்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மற்ற சாமான்: 50 மிமீ பிவிசி பைப் அரை மீட்டர் (விவசாயப் பைப்பில் 50 என்பது வெளிவிட்டம், உள்ளே 45 சுமார் இருக்கும்), 1025 மிமீ நீளத்தில் 6 மிமீ மரைன் ப்ளை பட்டை ஒன்று 100 மிமீ அகலத்தில், 6 மிமீ ஈவா ஷீட் ஒரு சின்னத் துண்டு, 3 மிமீ ஈவா ஷீட் ஒரு துண்டு, தண்ணீர் தாங்கும் மரப்பசை, இரண்டு டியூப் எபாக்ஸி, எலாஸ்டிக் கயிறு மூன்று மீட்டர். ஈவா என்பது ரப்பர் செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் அதே ஷீட்தான். தோட்டத்துக் குழாய் ஹோஸை நீளவாக்கில் பிளந்து மெத்தையாகப் போடும் வழக்கம் உண்டு, செய்யாதீர்கள். அந்த மிருதுவான பிவிசியில் உள்ள எண்ணெய்ப் பொருள் வெக்கையில் கசிந்து ராடின் வார்னிஷில் ஒட்டும், தழும்பு விழும்.

ஸ்க்ரூ எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 தரம் போதும். அலைச்சத்தம் கேட்கிற வீடு என்றால் 316. கறுப்பு டிரைவால் ஸ்க்ரூ ஒரே பருவமழையில் தலை துருப்பிடித்துப் பலகையில் செம்மண் கோடு போடும், கழற்றப் போனால் தலை மட்டும் கையோடு வரும்.

வேலைக்கு வருவோம். மேல் பலகையையும் கீழ்ப் பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளாம்ப் போட்டு, ஓரத்திலிருந்து 75, பிறகு 125, 125 என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் கோடு போடுங்கள். தனித்தனியாக அளந்தால் எட்டாவது ராடுக்குள் மூன்று நான்கு மிமீ தள்ளிப் போய், ராடெல்லாம் போதையில் நிற்பதுபோல் ஒரு பக்கமாகச் சாயும்.

கீழ்ப் பலகையில் 51 மிமீ ஹோல் சாவால் (ட்ரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) எட்டு ஓட்டை. ஓட்டையின் மையம் சுவரிலிருந்து 75 மிமீ வர வேண்டும்; பின்பட்டையின் தடிமன் 18 போக, பலகையின் பின் ஓரத்திலிருந்து 57-இல் குறியுங்கள். பைப்பை 60 மிமீ துண்டுகளாக எட்டு வெட்டி, வெட்டுவாயை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, பைப்பின் அடி பலகையின் அடியோடு சமமாக நிற்கும்படி ஓட்டைக்குள் எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள். பிவிசியின் பளபளப்பைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் எபாக்ஸி பிடிக்காது, தட்டினால் கழன்று வரும். பலகைக்கு மேல் 42 மிமீ வளையம் தெரியும். அடியில் 6 மிமீ ப்ளை பட்டையை 3-க்கு 16 மிமீ ஸ்க்ரூவால் முடுக்குங்கள். பட் இதன்மேல்தான் நிற்கப்போகிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் 8 மிமீ வடிகால் ஓட்டை விட வேண்டும். 6 மிமீ ஈவாவை வட்டமாக வெட்டி, அதிலும் அதே ஓட்டை போட்டு, உள்ளே இறக்குங்கள். இந்த வடிகாலை விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து வளையத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புப் பூஞ்சையும், கலங்கிய உப்புத் தண்ணீரில் ஊறிய கைப்பிடிக் கார்க்கும் தெரியும்.

மேல் பலகையின் பிடிதான் இந்த ஸ்டாண்டின் உயிர். முன் ஓரத்திலிருந்து நேர் உள்ளே ஒரு வெட்டு வெட்டி ராடைச் சொருகலாம் என்று தோன்றும். ஆனால் ரீல் முன்பக்கம் தொங்குகிறது. அதன் எடை ராடை முன்னால் இழுக்கும், நேர் வெட்டு வழியே ராடு வெளியே வந்து கார் பானட்டில் விழும். அதனால் 25 மிமீ ஹோல் சாவால் ஓட்டை போட்டு, அங்கிருந்து முன் ஓரத்துக்கு 45 டிகிரி சாய்வாக 22 மிமீ அகலத்தில் ஜிக் சாவால் வழி வெட்டுங்கள். எட்டு வெட்டும் ஒரே பக்கம் சாய வேண்டும். வலது கையால் எடுப்பவர் என்றால் வெட்டின் வாய் வலப்புறம் பார்க்கட்டும். ஓட்டைக்கும் வெட்டுக்கும் உள்ளே 3 மிமீ ஈவா ஒட்டினால் வழி 16 மிமீ ஆகும். 7 அடி ராடு அந்த உயரத்தில் 8 முதல் 14 மிமீக்குள்தான் இருக்கும், தாராளமாகப் போய்வரும். முன் ஓரத்தில் எலாஸ்டிக் கயிறு ஒன்றை இறுக்கமாகக் கட்டிவிட்டால் குழந்தை தட்டினாலும் விழாது.

மேல் பலகை ஓட்டையின் மையம் சுவரிலிருந்து 60 மிமீ. கீழே 75, மேலே 60 என்பது வேண்டுமென்றே வைத்த 15 மிமீ சாய்வு. மேல் பிடி பட்டிலிருந்து 900 மிமீ உயரத்தில் இருந்தால், அதே சாய்வில் 2134-க்குப் போகும்போது நுனி 35 மிமீ பின்னே போய்ச் சுவரிலிருந்து 4 செமீ தள்ளி நிற்கும். சுவரைத் தொடாது, முன்னாலும் விழாது. இதையே 40 மிமீ சாய்வாக வைத்திருந்தால் நுனி சுவரைத் தொட்டு வளைந்துகொண்டு நிற்கும்.

900 என்ற எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். ராடுகளைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்து, பட்டிலிருந்து முதல் பெரிய கைட் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக அளங்கள். 7 அடி ஸ்பின்னிங் ராடில் ஆயிரம் ஆயிரத்து நூறுக்குப் பக்கத்தில் இருக்கும். பிடி, முன்கைப்பிடி முடிந்த இடத்துக்கும் முதல் கைட்டுக்கும் நடுவே வெறும் தண்டில் விழ வேண்டும். எந்த ராடில் கைட் மிகக் கீழே இருக்கிறதோ அதுதான் உயரத்தை முடிவுசெய்யும். கைட்டும் ரீலும் அறைப் பக்கம் பார்க்கட்டும்.

இரண்டு பின்பட்டைகளையும் பசை போட்டு, பின்னாலிருந்து 4-க்கு 40 மிமீ ஸ்க்ரூ அடித்து முடுக்குங்கள். ப்ளையின் ஓரத்தில் ஸ்க்ரூ போவதால் 3 மிமீ ஓட்டை போட்ட பிறகே முடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுக்கு பிளந்துகொள்ளும். சுவரில் மாட்டும் முன்பே பெயிண்டை முடித்துவிடுங்கள். பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். வெட்டு ஓரங்களுக்கும் சுவரைத் தொடும் பின்பக்கத்துக்கும்தான் முதலில் அடிக்க வேண்டும். ஈரமும் கறையானும் அந்தப் பக்கமாகத்தான் ஏறும். கண்ணுக்குத் தெரிகிற முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாக அடித்து என்ன பயன்.

சுவரில் மாட்டுவது. எட்டு ராடும் ரீலும் பலகையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோவைத் தாண்டாது. எடையால் பிளக் பிடுங்கி வராது. யாராவது பலகையைப் பிடித்துக் குனிந்து எழும்போதுதான் வரும். கீழ்ப் பின்பட்டைக்கு நான்கு, மேல் பின்பட்டைக்கு மூன்று, 8 மிமீ நைலான் பிளக், 5-க்கு 65 மிமீ ஸ்க்ரூ. பின்பட்டை 18, பூச்சு 15 போனால் செங்கல்லுக்குள் 32 மிமீ போகும். ட்ரில் போடும்போது தூள் நிறத்தைப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல், நிம்மதியாகப் போடுங்கள். சாம்பல் தூள் வந்து பிட் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் இணைப்புக் கலவையில் விழுந்திருக்கிறது. 40 மிமீ தள்ளி வேறு ஓட்டை போடுங்கள், அதே இடத்தில் பெரிய பிளக் அடித்துச் சமாளிக்க வேண்டாம். லேசான வெள்ளைத் தூள் என்றால் ஏஏசி பிளாக், அதாவது எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட் கல். ஹேமர் மோடை அணைத்துவிட்டு, அதற்கென்றே விற்கும் நீளமான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டைத் தூளை ஊதி எடுக்காமல் பிளக் அடித்தால் பாதியில் நின்றுவிடும்.

முதலில் கீழ்ப் பலகையை ரசமட்டம் பார்த்து மாட்டுங்கள். பிறகு மேல் பலகையைக் குறித்த உயரத்தில் ஒருவர் பிடிக்க, முதல் ஓட்டையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். அது கீழ் வளையத்தின் நடுக்கோட்டில், சுவர்ப் பக்கமாக 15 மிமீ தள்ளி விழ வேண்டும். எட்டாவது ஓட்டைக்கும் அப்படியே. இரண்டும் சரி என்றால் நடுவிலுள்ள ஆறும் சரி. ஷெட் சுவர்கள் பெரும்பாலும் தூக்கு சரியாக இருக்காது. வித்தியாசம் வந்தால் மேல் பின்பட்டைக்குப் பின்னால் மெல்லிய லேமினேட் துண்டு சொருகிச் சரிசெய்யலாம்.

சர்ஃப் ராடுகளை இணைத்தே நிறுத்தாதீர்கள். இணைப்பு வாரக்கணக்கில் நின்றால் இறுகிக்கொள்ளும், இரண்டு ஆள் இழுத்தாலும் வராது. பட் துண்டு வளையத்தில் நிற்கட்டும், நுனித் துண்டின் தடித்த முனையைக் கீழே வைத்து, இரண்டு இடத்தில் வெல்க்ரோ பட்டையால் பட் துண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இணைப்பின் ஆண் பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் அடுத்த முறை சுலபமாகப் பிரியும்.

அந்த 8 அடி ராடுக்கு, பக்கச் சுவரில் கார் கதவின் மேல் விளிம்பைத் தாண்டிய உயரத்தில், 1.9 மீட்டர் சுமாருக்கு, படுக்கைப் பிடி இரண்டு. 18 மிமீ ப்ளையில் 150-க்கு 120 மிமீ துண்டுகள். மேல் ஓரத்திலிருந்து 20 டிகிரி சுவர்ப் பக்கம் சாயும் வெட்டு, ஈவா மெத்தை. முதல் பிடி முன்கைப்பிடியில், இரண்டாவது அங்கிருந்து 1200 மிமீ தள்ளி. மிச்ச நுனி அந்தரத்தில் நிற்கட்டும். நுனிக் கைட்டை ஆணியில் மாட்டித் தொங்கவிடுவதும் நுனியின்கீழ் பிடி வைப்பதும் வேண்டாம். மெல்லிய இடம் எடையைத் தாங்கக் கூடாது. இந்த ராடில் ரீலைக் கழற்றியே வையுங்கள், இல்லையென்றால் அது ராடைத் திருகிக்கொண்டு தொங்கும். உங்களுடையது கான்கிரீட் சீலிங் என்பதால் மேலே வைக்கலாம். தகர ஷீட் ஷெட் வைத்திருப்பவர்கள் மே மாத மதியத்தில் ஷீட்டுக்கு அரை அடி கீழே கை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அந்தச் சூட்டில் வளைந்து கிடக்கும் ஃபைபர் ராடு அந்த வளைவைப் பழகிக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் தாங்கி நெடுநாள் கிடந்த கார்பனும் முழுக்கத் தப்பாது.

ஸ்டாண்டில் ஏற்றும் முன், கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். மெல்ல ஊற்றினால் போதும். கார் கழுவும் பிரஷர் கன் உப்பை ரீலுக்குள் தள்ளிவிடும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் ட்ராகைத் தளர்த்துங்கள். இறுக்கி வைத்தால் உள்ளே வாஷர் தட்டையாகி, அடுத்த முறை விட்டுவிட்டு இழுக்கும். ராடில் ரீலைப் பிடித்திருக்கும் ரீல் சீட் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், உப்பு காய்ந்து கெட்டியாகாது. துணி உறையில் ஈரத்தோடு போட்ட ராடில் வார்னிஷ் கொப்புளம் எழும். தூண்டில் முள்ளைக் கைட்டின் வளையத்தில் மாட்டாதீர்கள். செராமிக்கில் மயிரிழைக் கீறல் விழுந்தால் போதும், அது உங்கள் தூண்டில் நரம்பை ரம்பம் போல் அறுக்கும். கைப்பிடிக்கு மேலே முள் மாட்ட ஒரு சின்னக் கொக்கி இருக்கும். இல்லாவிட்டால் முள்ளைக் கழற்றிவிடுங்கள்.

பக்கத்திலேயே லூர் (செயற்கை இரை) பெட்டிக்கு ஒரு தட்டு அடிக்கத் தோன்றும். அடிக்கலாம், ஆனால் ரப்பர் புழு, ரப்பர் மீன் வகை மிருது லூர்களைக் கெட்டி பிளாஸ்டிக் லூர்களோடு ஒரே அறையில் போடாதீர்கள். ஷெட்டின் வெக்கையில் ஒன்றையொன்று கரைத்து, பெட்டியின் அடியோடு பசையாக ஒட்டிப் போகும். நரம்புச் சுருளை ஷட்டர் வழியே வெயில் விழாத பக்கம் வையுங்கள். எலாஸ்டிக் கயிறு ஓரிரு வருடத்தில் தொய்ந்துவிடும், அதனால் முடிச்சைப் பின்பட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் ஓரத்தில் கையெட்டும் இடத்தில் போடுங்கள்.